பெரிய நகரத்துல பழைய கட்டடங்களை எப்படிப் பாத்தா மனசுல நிக்கும்?

லிஸ்ட் போட்டு நாலு நாள் சுத்தினேன், வீட்டுக்கு வந்ததும் எந்த கட்டடம் எதுன்னே குழம்புது, எப்படிப் பாக்கணும்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் ரொம்ப வருஷம் இப்படித்தாங்க இருந்துச்சு, ஒரே நாள்ல ஏழெட்டு இடம், போட்டோ எடுத்தவுடனே அடுத்ததுக்கு ஓட்டம். இப்ப நாளைக்கு ஒண்ணுதான், மிஞ்சிப்போனா ரெண்டு. அதுலயும் நான் முதல்ல தேடறது ஒட்டுப்போட்ட இடத்தை.

அதாவது எங்க இடிஞ்சு திரும்பக் கட்டியிருக்காங்க, எங்க கல்லோட நிறம் மாறுது, எந்த ஜன்னலை செங்கல் வெச்சு அடைச்சிருக்காங்க, இதையெல்லாம். டெல்லி குதுப் மினாரையே எடுத்துக்கோங்க, கீழ மூணு அடுக்கு சிவப்பு மணற்கல், மேல ரெண்டுல வெள்ளைப் பளிங்கும் கலந்து வரும், தள்ளி நின்னு பாத்தாலே தெரியும். 1368ல இடி விழுந்து உச்சி சேதமானப்ப பிரோஸ் ஷா துக்ளக் எடுத்துக் கட்டின பகுதி அது. அப்புறம் பிரிட்டிஷ் காலத்துல ராபர்ட் ஸ்மித்ங்கற இன்ஜினியர் அதுக்கு மேல ஒரு சின்ன மண்டபம் வெச்சார், அது பொருந்தலன்னு 1848ல இறக்கிட்டாங்க. இன்னமும் அதே வளாகத்துல புல்தரையில நிக்குது. மினாரைப் பாத்துட்டு அப்படியே திரும்பிடாதீங்க, அதையும் போய்ப் பாருங்க, ஒரு கட்டடத்து மேல எத்தனை பேரோட கை பட்டிருக்குன்னு அங்கதான் புரியும்.

வாசல்ல எழுதியிருக்கறதையும் அப்படியே நம்பிடக் கூடாது. ரோம்ல பாந்தியன்னு ஒரு பழங்காலக் கோயில், அதோட முகப்புல அக்ரிப்பாங்கற ரோமானியத் தளபதி கட்டினதுன்னு பெருசா பொறிச்சிருக்கும், ஆனா அவர் கட்டினது எரிஞ்சுபோச்சு, இப்ப நிக்கறது ஹேட்ரியன்ங்கற ரோமானியப் பேரரசர் காலத்துல முடிஞ்சது, பழைய பேரையே திரும்பப் போட்டிருக்காங்க! உள்ள போனா கண்ணு தானா மேல போகும், போகட்டும், 43 மீட்டர் அகலக் குவிமாடம், கம்பியே இல்லாத காங்கிரீட், பாரம் குறையணும்னு மேல போகப்போக லேசான கல்லா கலந்திருக்காங்க, நடுவுல வானம் தெரியற வட்டத் திறப்பு. ஆனா குனிஞ்சு தரையையும் பாருங்க. அந்தத் திறப்பு வழியா மழை உள்ள விழும், அது வடியறதுக்கு தரையில சின்னச் சின்ன ஓட்டை இருக்கு, தரையும் நடுவுல லேசா மேடு. எனக்கு குவிமாடத்தை விட அந்த ஓட்டைங்கதான் பிடிக்கும், கட்டினவங்க எவ்வளவு யோசிச்சிருக்காங்க பாருங்க.

சில சமயம் கட்டடமே இருக்காது, தெருவோட வடிவம் மட்டும் இருக்கும். அதே ரோம்ல பியாத்சா நவோனாங்கற சதுக்கம் ஏன் அவ்வளவு நீளமா, ஒரு முனை வளைஞ்சு இருக்குன்னா, டொமிஷியன்ங்கற ரோமானியப் பேரரசர் கட்டின ஓட்டப்பந்தய மைதானத்து மேலயே சுத்தி வீடுகள் எழும்பிச்சு, நடுவுல இருந்த தரைதான் இப்ப சதுக்கம். அதனால பழைய ஊர்ல ஒரு தெரு காரணமில்லாம வளைஞ்சா நின்னு மேப்பைப் பாருங்க, அங்க ஒரு கோட்டைச் சுவரோ வாய்க்காலோ இருந்திருக்கலாம்.

மத்தபடி, காலைல சீக்கிரம் போங்க, வெயில் சாய்வா விழறப்பதான் செதுக்கு வேலை எடுப்பாத் தெரியும். எதிர் பக்க நடைபாதையில நின்னு மேல் மாடிகளைப் பாருங்க, கீழ்த்தளத்தை கடைக்காரங்க மாத்தியிருப்பாங்க, மேல பெரும்பாலும் பழசு அப்படியே இருக்கும். முதல் அரை மணி நேரம் போனை பைக்குள்ள வெச்சுட்டு, முன்பக்கத்தை விட்டு கட்டடத்தோட பின்பக்கத்துலேந்து ஆரம்பிங்க.