ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் மட்டும் அணிக்கோவை சுழியாகாதது ஏன்?

உங்கள் நிரல் நூலகத்தின் 2×2 அணிக்கோவைச் சோதனை இன்டெல் லினக்ஸில் தேறி, ஆப்பிள் சிலிக்கான் மேக்கில் மட்டும் தோற்றால், நூலகம் முழுவதையும் ‘-எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப்’ என்ற கம்பைலர் தெரிவுடன் மீண்டும் கட்டி, அதே சோதனையை ஓட்டுங்கள். இன்டெல் லினக்ஸில் சரியாக 0 வரும் அணிக்கோவை, மேக்கில் மிகச் சிறிய எண்ணாக வருவது அநேகமாக அதோடு நின்றுவிடும்.

காரணம், ஆப்பிள் சிலிக்கான் உள்ளிட்ட ஆர்ம்64 செயலிகள் அனைத்திலும் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே முறை மட்டும் முழுமைப்படுத்தி (ரவுண்ட் செய்து) முடிக்கும் எஃப்எம்ஏ கட்டளை உண்டு. மேக்கில் வழக்கமாகப் பயன்படும் கம்பைலரான கிளாங் தன் 14ஆம் பதிப்பிலிருந்து அதைத் தானாகவே பயன்படுத்துகிறது. இன்டெல் வகைச் செயலிகளின் அடிப்படை எக்ஸ்86-64 கட்டளைத் தொகுப்பில் அக்கட்டளை இல்லை. ஏ, பி, சி, டி என்ற நான்கு உறுப்புகள் கொண்ட 2×2 அணியின் அணிக்கோவையான ஏடி − பிசி என்பதில் ஒரு பெருக்கற்பலன் முழுமைப்படுத்தப்பட்டும் மற்றொன்று முழுமைப்படுத்தப்படாமலும் கழிக்கப்படுவதால், நான்கு உறுப்புகளும் 0.1 ஆக இருந்தாலும் விடை சுழியாவதில்லை.

சோதனை தேறினால், அத்தெரிவை நிரந்தரமாக்காமல், சோதனையின் ஒப்பீட்டை மாற்றுவதே நேர்மையான தீர்வு என்பேன்: |ஏடி| + |பிசி| என்பதன் 2⁻⁵² பங்கைப் போலச் சில மடங்கு வரையிலான வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளுங்கள். விடையோடு ஒப்பிட்ட சார்புப் பிழை இங்கே உதவாது, ஏனெனில் எதிர்பார்க்கும் விடையே சுழி.

சைன், எக்ஸ்ப், பவ் போன்ற சார்புகளில் வரும் கடைசி இலக்க வேறுபாடுகளை இத்தெரிவு தீர்க்காது. அவை ஒவ்வோர் இயங்குதளத்தின் கணித நூலகத்தையும் பொறுத்தவை.