பேஸ்பாலில் மூன்றாவது அவுட் விழுந்த பந்திலேயே ரன் சேர்ந்தது எப்படி? இதுபோல வேறு விதி ஓட்டைகள் உண்டா?

நீங்கள் கேட்பது 2009 ஏப்ரல் 12 அன்று அரிசோனா டைமண்ட்பேக்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் ஆடிய ஆட்டமாகத்தான் இருக்கும். பேஸ்பாலில் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டு ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தால் ஒரு ரன்; மூன்று அவுட் ஆனால் அந்த அணியின் இன்னிங்ஸ் முடிந்தது. அன்று டாட்ஜர்ஸ் பேட்டிங், ஒரு அவுட் ஆகியிருந்தது. மூன்றாம் பேஸில் ஆண்ட்ரே ஈதியர், இரண்டாம் பேஸில் ஹுவான் பியர். ராண்டி வுல்ஃப் அடித்த பந்து தரையில் படாமல் நேராகப் பிட்சர் (பந்து வீசுபவர்) டான் ஹேரன் கையில் விழுந்தது. அது இரண்டாவது அவுட். ஹேரன் உடனே இரண்டாம் பேஸ் பக்கம் வீச, பேஸை விட்டு விலகி வந்திருந்த பியரும் அவுட். மூன்று ஆயிற்று என்று ஃபீல்டர்கள் களத்தை விட்டுப் போய்விட்டார்கள். ஆனால் பியர் அவுட் ஆவதற்குச் சற்று முன்பே ஈதியர் ஹோம் பிளேட்டை மிதித்துவிட்டார். டாட்ஜர்ஸ் தரப்பு அதைச் சுட்டிக்காட்ட, அம்பயர்கள் ரன் கொடுத்தார்கள். விதிப்படி அது சரியான தீர்ப்புதான்.

இதைப் புரிந்துகொள்ள ஃபோர்ஸ் என்றால் என்ன என்று தெரிந்தால் போதும். பேட்டர் அடித்ததும் முதல் பேஸுக்கு ஓடியாக வேண்டும். அங்கே நிற்பவர் இடம் விட்டுத்தான் தீர வேண்டும்; அவருக்கு முன்னால் நிற்பவரும் அப்படியே. இந்தக் கட்டாயம்தான் ஃபோர்ஸ். கட்டாயத்தில் ஓடுபவரைத் தொட வேண்டியதில்லை, பந்தோடு பேஸை மிதித்தாலே அவுட். மூன்றாவது அவுட் இப்படி விழுந்தால், அதற்கு முன்பே ஒருவர் ஹோம் பிளேட்டைத் தொட்டிருந்தாலும் ரன் கிடையாது.

கேட்ச் பிடித்தால் கதை வேறு. பேட்டரே அவுட், யாரையும் தள்ள ஆளில்லை. ரன்னர்கள் பழைய பேஸுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாதவரையும் பந்தோடு பேஸை மிதித்தே அவுட் ஆக்கலாம் என்பதால் பார்க்க ஃபோர்ஸ் மாதிரியே இருக்கும். குழப்பமே இங்கேதான். இது ஃபோர்ஸ் அல்ல. ஆகவே மூன்றாவது அவுட்டுக்கு முன் ஹோம் பிளேட்டைத் தொட்ட ரன் செல்லும்.

ஈதியரும் மூன்றாம் பேஸுக்குத் திரும்பவில்லையே, அது தவறில்லையா? தவறுதான். ஆனால் ஃபீல்டிங் அணி முறையிட்டால் ஒழிய அம்பயர் வாய் திறக்க மாட்டார். கிரிக்கெட்டில் ‘ஹவ்ஸ் தட்’ கேட்காமல் விரல் உயராது அல்லவா, அதே கணக்கு. ஹேரன் அணியினர் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: பந்தை மூன்றாம் பேஸுக்கு வீசி, பேஸை மிதித்து, ‘இவர் சீக்கிரம் கிளம்பிவிட்டார்’ என்று அம்பயரிடம் சொல்வது. அப்போது நான்காவது அவுட் ஒன்று கிடைக்கும். அதை மூன்றாவதாக மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது, ரன் அழிந்துவிடும். ஒரே நிபந்தனை, பிட்சரும் இன்ஃபீல்டர்களும் (பேஸ்களின் அருகே நிற்கும் ஃபீல்டர்கள்) எல்லாரும் ஃபேர் எல்லையை, அதாவது அடித்த பந்து செல்லுபடியாகும் பகுதியை, தாண்டி வெளியேறுவதற்குள் முறையிட வேண்டும். அவசரமாக ஓய்வு இருக்கைக்கு ஓடும் பழக்கத்தால் போகும் ரன் இது.

தற்செயலாக மட்டும் நடப்பதில்லை. 2012-ல் ஜப்பானியப் பள்ளி அணிகளின் கோடைகால கோஷியென் போட்டியில் செய்செய்கோ பள்ளி அணி நருதோ பள்ளிக்கு எதிராகத் திட்டமிட்டே இதைச் செய்து ரன் எடுத்தது. ஒரு பேஸ்பால் மாங்காவில் (ஜப்பானியப் படக்கதை) படித்த சூழ்ச்சி! செய்ய வேண்டுமானால் சரியாக ஒரு அவுட் இருக்க வேண்டும். அவுட்டே இல்லை என்றால் இன்னொரு அவுட் பாக்கி இருக்கும், ஃபீல்டர்கள் களத்தை விட்டுப் போக மாட்டார்கள். இரண்டு அவுட் என்றால் கேட்சோடு இன்னிங்ஸ் முடிந்துவிடும். முதல் பேஸ் ரன்னர் தூரமாக ஓடி வீச்சைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். மூன்றாம் பேஸ் ரன்னர் பந்து மட்டையில் பட்டதுமே திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். பந்து முதலில் மூன்றாம் பேஸுக்குப் போனால் எல்லாம் பாழ்.

இதன் மறுபக்கம் 2021 மே 27, பிட்ஸ்பர்க். சிகாகோ கப்ஸ் அணியின் ஹவியர் பயெஸ் தரையோடு அடித்தார். அப்போது இரண்டு அவுட். வீச்சு முதல் பேஸை விட்டு ஹோம் பக்கம் விலகி வர, பிட்ஸ்பர்க் அணியின் முதல் பேஸ் ஃபீல்டர் வில் கிரெய்க் பந்தைப் பிடித்தார். திரும்பி பேஸை மிதித்தால் இன்னிங்ஸ் முடிந்தது. பேட்டர் முதல் பேஸைத் தொடுமுன் மூன்றாவது அவுட் ஆனால் எந்த ரன்னும் சேராது. பயெஸ் பின்வாங்கி ஹோம் பக்கமே ஓட, கிரெய்க் அவரைத் துரத்தினார்! இரண்டாம் பேஸிலிருந்து வந்த வில்சன் கான்ட்ரெராஸ் ரன் எடுத்தார். பயெஸும் இரண்டாம் பேஸ் வரை போய்விட்டார். ஹோம் பிளேட்டைத் தொடாதவரை பேட்டர் அப்படிப் பின்னோக்கி ஓடலாம். ஆனால் ஒரு பேஸைப் பிடித்துவிட்ட பிறகு எதிரணியைக் குழப்ப அப்படி ஓடினால் அவுட். 1911-ல் ஜெர்மனி ஷேஃபர் என்ற ஆட்டக்காரர் இரண்டாம் பேஸிலிருந்து முதல் பேஸைத் ‘திருடினார்’, அதாவது யாரும் பந்தை அடிக்காமலே ஓடிப் பிடித்தார்; அந்த வேடிக்கைக்குப் பின்னாளில் விதி கதவடைத்தது.

இன்ஃபீல்ட் ஃபிளை விதியும் ஃபோர்ஸை வைத்து ஏமாற்றுவதைத் தடுக்கவே வந்தது. பேஸ்களுக்கு அருகே உயர எழும்பிய சுலபமான கேட்சை வேண்டுமென்றே விட்டால் ரன்னர்கள் திடீரென ஓடியாக வேண்டும், இரண்டு அவுட் இலவசம். ஆகவே முதல், இரண்டாம் பேஸ்களில் ஆள் இருந்து, இரண்டு அவுட்டுக்குக் குறைவாக இருந்தால் அம்பயர் அறிவித்ததுமே பேட்டர் அவுட். முதல் பேஸில் மட்டும் ஆள் இருந்தால் இந்த விதி இல்லை. அங்கே கையில் பட்ட பந்தை வேண்டுமென்றே நழுவவிட்டால் பேட்டர் அவுட், ரன்னர் பத்திரம். ஆனால் தொடாமலே தரையில் விழவிட்டால் ஆட்டம் தொடரும்! வேகமான ரன்னரை அவுட் ஆக்கி மந்தமான பேட்டரை முதல் பேஸில் நிறுத்தலாம். பேட்டர் ஓடாமல் நின்றால் இரட்டை அவுட். ஆபத்து பந்தின் சுழற்சியில் இருக்கிறது. உயரப் போன பந்து விழுந்ததும் எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, கேட்சர்களே (ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்கள்) மறப்பது ஒன்று. இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், பேட்டர் மூன்றாம் முறையாக அடிக்கத் தவறிய பந்தை, அதாவது மூன்றாவது ஸ்ட்ரைக்கை, கேட்சர் பிடிக்கத் தவறினார். பேட்டர் இப்போது ஓடலாம். அதனால் எல்லாருக்கும் ஃபோர்ஸ். முதல் பேஸுக்கு வீசி, அது பேட்டர் முதுகில் பட்டு எங்கோ போவதைப் பார்க்க வேண்டியதில்லை. பந்தை எடுத்துக் காலடியில் இருக்கும் ஹோம் பிளேட்டை மிதித்தால் போதும்.