உயர்தர இணைந்த கணிதம்: கேள்வி பதில்

வெள்ளவத்தை மாணவி: சேர், பகுதி அ-வுக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகுது. என்ன செய்யலாம்?

ஒரு தாளுக்கு 3 மணித்தியாலம், 1000 புள்ளி. அ-வில் 10 வினாவும் கட்டாயம், தலா 25. ஆ-வில் 7 இல் 5, தலா 150. புள்ளிப்படி பிரித்தால் அ-வுக்கு 45 நிமிடம்தான், ஆ வினா ஒன்றுக்கு 27. சிறு வினா 6 நிமிடத்தில் நகராவிட்டால் விட்டுவிட்டுப் போங்கள். வாசிப்பு நேரம் 10 நிமிடத்தில் ஆ-வில் எந்த 5 என்று முடிவெடுங்கள்.

கொட்டாஞ்சேனை மாணவர்: 2/(எக்ஸ்−1) ≥ 1 க்கு எக்ஸ் ≤ 3 என்று எழுதினேன். பிழையாம்.

குறுக்கே பெருக்கியிருக்கிறீர்கள். பகுதியெண் மறையானால் சமனிலிக் குறி திரும்பும். எக்ஸ் = 0 போட்டுப் பாருங்கள், −2 ≥ 1 என்று வரும்! ஒரு பக்கம் கொண்டுவந்தால் (3−எக்ஸ்)/(எக்ஸ்−1) ≥ 0. எண்கோட்டில் மூன்று ஆயிடையிலும் குறி பார்த்தால் 1 < எக்ஸ் ≤ 3. 1 இல் பகுதியெண் பூச்சியம், அங்கே சமன் குறி போடக்கூடாது.

தெஹிவளை மாணவர்: ஆப்பின் மேல் வழுக்கும் துணிக்கைக்கு ஆர்முடுகல் ஜீ சைன் ஆல்பா தானே?

ஆப்பு நிலையாக இருந்தால் மட்டும். எல்லாம் ஒப்பமென்றால், அதாவது உராய்வே இல்லையென்றால், ஆப்பும் மேசையில் பின்னுக்குப் போகும். படம் இரண்டு கீறுங்கள்: ஒன்றில் விசைகள், மற்றதில் ஆர்முடுகல்கள். ஒரே படத்தில் திணித்தால் அம்புக்குறிகள் குழம்பும். துணிக்கையின் புவி சார்பான ஆர்முடுகல் என்பது, ஆப்புச் சார்பானதும் ஆப்பினதும் சேர்ந்த காவிக் கூட்டல். அந்த வரியை எழுதியே ஆகவேண்டும், புள்ளி அதற்குத்தான்.

பிறகு சமன்பாடு இரண்டே: தொகுதிக்குக் கிடையாக, துணிக்கைக்குச் சாய்தளம் வழியே. இரண்டிலும் மறுதாக்கம் வராது. பலர் நிலைக்குத்தாகத் தொடங்கி, தேவையில்லாத மறுதாக்கங்களை உள்ளே இழுத்துவிட்டு ஒரு முழுப் பக்கத்துக்குச் சுருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சரிபார்க்க ஒன்று: ஆப்பின் திணிவு துணிக்கையினதைப் போல் 3 மடங்கு, சாய்வு 45°. ஆப்பின் ஆர்முடுகல் ஜீ/7 வரவேண்டும்.

பம்பலப்பிட்டி அம்மா ஒருவர்: மகனுக்குக் கணிப்பான் வாங்க வேணுமா?

இந்தப் பாடப் பரீட்சைக்கு அனுமதியில்லை, அம்மா. √3 ஐ √3 ஆகவே விடப் பழகட்டும்.

அவரே: ரெண்டு டியூஷனுக்கு விடலாமா?

தியரிக்கு ஓராசிரியர் போதும். இரண்டு பேர் இரண்டு ஒழுங்கில் கொண்டுபோனால், பிள்ளை தானாகக் கணக்குச் செய்ய நேரமே மிஞ்சாது. வினாத்தாள் செய்து பழகும் பேப்பர் கிளாஸ் வேறு கதை, ஆனால் திருத்திய தாள் கைக்குத் திரும்பி வருகிற இடமா என்று கேட்டுவிட்டுக் காசு கட்டுங்கள்.