ஆம்ப்ளிஃபயரைச் சூடேற்றுவதும் ஸ்பீக்கரைப் பழக்குவதும் அவசியமா?

புது ஆம்ப்ளிஃபயரைச் சூடேற்ற வேண்டுமா, ஸ்பீக்கரை 200 மணி நேரம் ஓடவிட்டுப் பழக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு விஷயம்.

சூடேறுவது உண்மை. வால்வு (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில் இழை சூடானால்தான் கேத்தோடு என்ற எதிர்மின் முனையிலிருந்து எலெக்ட்ரானே கிளம்பும். அதற்கு அரை நிமிடம் போல ஆகும்; பயஸ், அதாவது பாட்டு ஓடாதபோதும் ஓடும் அடிப்படை மின்னோட்டம், நிலைப்பட 20, 30 நிமிடம். டிரான்சிஸ்டரிலும் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏற ஏற அதன் பேஸ், எமிட்டர் என்ற இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அதனால் சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்க் நிலையான சூட்டுக்கு வரும்வரை பயஸ் மின்னோட்டம் கொஞ்சம் நகரும். அதிகம் சூடாகிற கிளாஸ் ஏ வகைக்கு அரை மணி, ஒரு மணி நேரம் கொடுக்கலாம். அதற்காக இரவும் பகலும் ஆன் செய்தே வைக்காதீர்கள். வால்வின் ஆயுள் குறையும், கரண்ட் பில் ஏறும், அவ்வளவுதான்.

சரி, பழக்குவது? ஸ்பீக்கரில் ஓரளவு விஷயம் இருக்கிறது. கூம்பைத் தாங்கும் ஸ்பைடரும் (பின்புறம் உள்ள நெளி வளையம்) விளிம்பும் தளர, ஒத்ததிர்வு அதிர்வெண் (கூம்பு இயல்பாக அதிரும் அதிர்வெண்) சற்று இறங்கும். பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே அது முடிந்துவிடும். கேபிளைப் பழக்குவதை நான் நம்புவதில்லை; செம்புக்கு என்ன பழக்கம்? 200 மணி நேரத்தில் பழகுவது நம் காதுதான். அதற்குள், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் கடந்திருக்கும்!