மேசைமேல் நிற்கும் காகிதப் படகு: கேள்வி பதில்

மினியேச்சர் விளையாட்டுக்கு நான் வரைந்த அட்டைப் படகுகளைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்கிறீர்கள். எல்லாவற்றையும் இங்கேயே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மேசையில் நகர்த்தி விளையாடும் 28 மில்லிமீட்டர் உயர ஆள் பொம்மைகளை, அதாவது உருவங்களை, ஏற்றிக்கொள்ளும் சின்னப் படகுகள்தான் என் வேலை. ரயில், கோபுரம், கோட்டை எல்லாம் கேட்டால் கையை விரிப்பேன். தொடங்குவதற்கு முன் ஒன்று: பிரிண்ட் கொடுக்கும்போது அளவு 100 சதவீதம் என்று வையுங்கள். பக்கத்துக்குள் பொருத்தும் தேர்வை எடுத்துவிடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கொருக்குப்பேட்டையிலிருந்து: எந்தப் பேப்பர் வாங்குவது?

படகின் பக்கச்சுவருக்கு 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) சுற்றி இருக்கும் அட்டை போதும். தளத்துக்கும் அடிப்பகுதிக்கும் 300. பாரிமுனையில் ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் ஐவரி போர்டு, ஆர்ட் கார்டு எல்லாம் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். பளபளப்பான ஆர்ட் கார்டு வேண்டாம், ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது.

வீட்டு பிரிண்டர் பலவும் 300-ஐ இழுக்காது. கடையில் லேசரில் போட்டால் மடிப்பில் டோனர் வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். வீட்டு இங்க்ஜெட்டில் போட்டால் ஈரப் பசை பட்ட இடத்தில் மை கரையும். இரண்டிலும் தொல்லை உண்டு. நான் லேசரில் போட்டு, மடிப்பிலும் வெட்டிய ஓரத்திலும் அதே நிற ஸ்கெட்ச் பேனாவை ஒரு இழுப்பு இழுத்துவிடுவேன். வெள்ளை ஓரம் தெரிகிற வரைக்கும் எவ்வளவு அழகாக வரைந்தாலும் அது அட்டைதான், படகு இல்லை.

ராயபுரத்திலிருந்து: பக்கச்சுவரை நேர்ப்பட்டையாக வெட்டி ஒட்டினேன். மேசையில் வைத்தால் நடுப்பகுதி மட்டும் தொடுகிறது, முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு ஆடுகிறது. ஏன்?

நல்ல கேள்வி. இதற்காகவே உட்கார்ந்திருக்கிறேன்.

காகிதம் ஒரே நேரத்தில் ஒரு திசையில்தான் வளையும். உருளையாகச் சுருட்டலாம், கூம்பாகச் சுருட்டலாம், பந்தாக ஆக்க முடியாது. உங்கள் படகின் சுவர் வெளிப்பக்கம் சாய்ந்து நிற்கிறது, இல்லையா? அப்படியானால் அது உருளையின் துண்டு அல்ல, தலைகீழாக நிற்கும் கூம்பின் துண்டு. கூம்பின்மேல் ஒரு நேர்ப்பட்டையைச் சுற்றினால் நடுவிலிருந்து விலக விலகப் பட்டை மேலே ஏறும். மேல் விளிம்பு ஏறினால் நமக்கு லாபம், அணியம் (படகின் முன்முனை) தூக்கலாக அழகாக வரும். கீழ் விளிம்பும் சேர்ந்து ஏறுவதுதான் உங்கள் ஆட்டத்துக்குக் காரணம்.

ஆகவே மேல் விளிம்பை நேராகவே விடுங்கள். கீழ் விளிம்பை மட்டும் வில்லாக வெட்டுங்கள், பட்டை மேசையில் தட்டையாகக் கிடக்கும்போது இரண்டு முனையும் நடுவைவிடக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எவ்வளவு இறக்கம் என்பது சுவரின் சாய்வைப் பொறுத்தது. கணக்குப் போட விரும்பாவிட்டால் பழைய நாளிதழ் விளம்பரத் தாளில் ஒன்று வெட்டி, ஒட்டி, மேசையில் வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துச் சுற்றிலும் ஒரு கோடு இழுங்கள். பிரித்து அந்தக் கோட்டில் வெட்டினால் அதுதான் உங்கள் வார்ப்புரு. நீருக்குக் கீழே இருக்கும் பாகத்தை வரையவே வேண்டாம். மேசைதான் கடல், நீர்மட்டத்தோடு நறுக்கிவிடுங்கள்.

இன்னொன்று, அட்டைக்கு இழை ஓட்டம் உண்டு. ஏ4 தாளில் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடும். இழையோடு சேர்த்து வளைத்தால் சொன்னபடி கேட்கும், குறுக்கே வளைத்தால் முறைக்கும், சில சமயம் வெடிக்கும். சுவர்ப்பட்டையைத் தாளின் நீளத்தில் வைக்காமல் அகலத்தில் வைத்து அடியுங்கள். 210 மில்லிமீட்டர் கிடைக்கும், சின்னப் படகுக்கு அது தாராளம். மடிக்க வேண்டிய கோட்டை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அழுத்தி இழுத்த பிறகே மடியுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து: பெபகுராவா பிளெண்டரா?

இரண்டும் கணினி மென்பொருள்கள். பெபகுரா விண்டோஸில்தான் ஓடும், முப்பரிமாண மாடலை வெட்டி ஒட்டும் தாளாக விரித்துத் தரும். பிளெண்டரிலும் காகித மாடலாக விரிக்க ஒரு ஆட்-ஆன் இருக்கிறது, இலவசம். ஆனால் ஐந்து துண்டுப் படகுக்கு இரண்டுமே தேவையில்லை, இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் நேராக வரைந்துவிடலாம். எதில் வரைந்தாலும் பிரிண்ட் 100 சதவீதம். தாளின் மூலையில் ஒரு அங்குலச் சதுரம் வரைந்து வையுங்கள், அச்சான பிறகு ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சரியாக இல்லையென்றால் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி அடியுங்கள்.

பெரம்பூரிலிருந்து: இணையத்தில் எடுத்த டிசைனில் நிறத்தை மாற்றி விற்கலாமா?

கூடாது.

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து: தண்ணீரில் மிதக்குமா?

நீருக்குக் கீழே இருக்கும் பாகமே இல்லாத அட்டைப் படகு. மிதக்காது.

எண்ணூரிலிருந்து: எம்டன் கப்பல் செய்ய முடியுமா? சென்னையைத் தாக்கியதை விளையாட்டாக வைக்க ஆசை.

முடியும், ஆனால் அளவை மாற்றியாக வேண்டும். எம்டன் முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்க்கப்பல், நீளம் 118 மீட்டர். நம் 28 மில்லிமீட்டர் உருவங்களுக்கு ஏற்ற 1:60-ல் (நிஜத்தில் 60 மீட்டர் இங்கே 1 மீட்டர்) செய்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும், அதை வைக்க மேசை போதாது, கட்டில் வேண்டும். 1:1200-க்குப் போங்கள், 10 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். 1914 செப்டம்பர் 22 இரவு அது பர்மா ஆயில் டாங்குகளைக் குறிவைத்துச் சுட்டது. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டுகூட இருக்கிறது, பாரிமுனைக்கு அட்டை வாங்கப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள்.

புகைபோக்கி மூன்று. ஆனால் அக்டோபரில் பினாங்கில் நுழையும்போது ஆங்கிலேயக் கப்பல்போலத் தெரிவதற்காக நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு போனது. ஆகையால் நான்காவதைத் தனியாகச் சுருட்டி, செருகி எடுக்கும்படி செய்யுங்கள். விளையாட்டில் எதிராளி அருகே வந்து பார்க்கும் வரை அது யார் கப்பல் என்று சொல்லாமல் இருப்பது ஒரு நல்ல விதி.

தண்டையார்பேட்டையிலிருந்து: அண்ணா, எந்தப் பேப்பர் நல்லது?

தம்பி, மேலே படியுங்கள்.

காசிமேட்டிலிருந்து: அண்ணா, எங்கள் அப்பாவுக்கு ஃபைபர் போட் இருக்கிறது. நீங்கள் வரைந்த ஃபைபர் படகை ஒட்டிக் காட்டினேன். "இது படகா பரிசலா?" என்று கேட்டுவிட்டார். இவ்வளவு அகலமாக ஏன் வரைந்தீர்கள்?

அப்பா சொல்வது அளவில் சரி. 9 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் 1:60-ல் 150-க்கு 33 மில்லிமீட்டர். நான் அகலத்தை 56 வைத்தேன், தெரிந்தேதான். உருவத்தின் வட்ட அடித்தட்டு 25 மில்லிமீட்டர். 33-ல் ஒருவர்தான் நிற்க முடியும், பக்கத்தில் இன்னொருவர் வந்தால் ஒருவர் கடலில். மேசையில் படகு என்பது ஆட்கள் நிற்கும் இடம். முதலில் தட்டுகளை அடுக்கிப் பார்க்க வேண்டும், பிறகுதான் படகை அவற்றைச் சுற்றி வரைய வேண்டும்.

காசிமேடு மறுபடியும்: அப்படியென்றால் அதற்கு ஃபைபர் போட் என்று பெயர் வைக்காதீர்கள்.

சரி, வம்புக்கு வந்தாயிற்று. உங்கள் கையிலுள்ள உருவத்தைப் பாருங்கள். தலை பெரிது, கை பெரிது, கத்தியின் தடிமனை உண்மை அளவுக்குப் பெருக்கினால் எவனாலும் தூக்க முடியாது. 25 மில்லிமீட்டர் தட்டு 1:60-ல் ஒன்றரை மீட்டர். எந்த மீனவர் ஒன்றரை மீட்டர் வட்டத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறார்? ஆளை ஊதிப் பெருக்கிவிட்டு படகை மட்டும் மெலிய வை என்றால் எப்படி?

பெரம்பூர் குறுக்கே: 1:72 உருவம் வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததே? தட்டு 20 மில்லிமீட்டர்தான்.

படகும் சேர்ந்து சுருங்கும் ஐயா. 2 மீட்டர் 1:72-ல் 28 மில்லிமீட்டர். அதிலும் ஒருவர்தான்.

திருவொற்றியூர்: தட்டைக் கழற்றிவிட்டு ஆளை நேராகத் தளத்தில் ஒட்டலாமே.

கரைக்கு இறங்கும்போது திரும்ப மாட்டுவீர்களா? பல விளையாட்டுகளில் தூரத்தை அளப்பதே தட்டின் விளிம்பிலிருந்துதான்.

காசிமேடு: நான் விதியைப் பற்றிப் பேசவில்லை அண்ணா. பார்த்தவுடன் எங்கள் ஆட்களுக்கு அது எங்கள் படகு என்று தெரிய வேண்டும்.

இது நியாயம். இதற்கு வழி இருக்கிறது. கண் அகலத்தை அளப்பதில்லை, கோட்டைத்தான் அடையாளம் காண்கிறது. அணியம் தூக்கிய விதம், விளிம்பு நடுவில் தணிந்து முன்னால் ஏறும் வளைவு, பின்னால் நீண்ட தண்டோடு நிற்கும் மோட்டார், நடுவில் ஐஸ் பெட்டி, குவித்த வலை: இவற்றை அப்படியே வையுங்கள். அகலத்தை நடுவில் மட்டும் கூட்டுங்கள், முனைக்கு வரும்போது உண்மையான ஒடுக்கத்துக்குத் திரும்பிவிடுங்கள். நீளத்தையும் 175-க்கு இழுத்தால் பரிசல் தோற்றம் போய்விடும். சுவர் உயரத்தைக் குறையுங்கள், விரல் உள்ளே போய் உருவத்தை எடுக்க வேண்டுமே. மோட்டார் தண்டுக்கு ஊதுபத்திக் குச்சி. அடியில் சன்போர்டு (கெட்டியான நுரைப் பலகை) துண்டு ஒட்டி அதற்குள் இரண்டு இரும்பு வாஷர் வைத்தால் உலோக உருவம் ஏறினாலும் கவிழாது. இதை ஒட்டி அப்பாவிடம் காட்டுங்கள். அப்போதும் சிரித்தால் அப்பாவையே வரையச் சொல்லுங்கள், நான் அச்சடித்து ஒட்டுகிறேன்.

துளியும் பொய் சொல்லாத படகுதான் வேண்டும் என்றால் மசூலா செய்யுங்கள். துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும், அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது இந்தப் படகுதான். ஆணி கிடையாது, உள்ளே விலாச்சட்டம் கிடையாது, பலகையோடு பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கும். நீளம் 30 அடிக்கு மேல், அகலம் சுமார் 10 அடி. இப்போது கணக்கைப் பாருங்கள்: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் கட்டத்தில் ஒரு அங்குலம் 5 அடி, அது அச்சொட்டாக 1:60. அப்படியானால் 10 அடி அகலம் இரண்டு கட்டம், இரண்டு தட்டு பக்கத்தில் பக்கத்தில். எதையும் ஊதத் தேவையில்லை. தையலைப் பலகை இணைப்புகளின் மேல் குறுக்குக் கோடுகளாக வரைந்துவிட்டால் போதும். நூலால் நிஜமாகவே தைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அட்டை கிழியும்.

காசிமேடு: கட்டுமரம்?

அட்டையைக் குழாயாகச் சுருட்டிக் கட்டலாம், பார்க்க நன்றாக இருக்கும், தட்டுதான் உருளையின்மேல் நிற்காது. குழாய்களின் மேல் ஒரு மெல்லிய அட்டையை ஒட்டி அதன்மேல் மரத்தை அச்சடித்துக்கொள்ளுங்கள். இதையும் அப்பாவிடம் காட்ட வேண்டாம்.

கொடுங்கையூரிலிருந்து: என் படகின் தளம் உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. எல்லாம் ஒரே வகை அட்டையில்தான் வெட்டினேன்.

சுவர் ஒரு நாள், தளம் இன்னொரு நாள் அச்சடித்தீர்களா? ஒன்றில் 100 சதவீதம், இன்னொன்றில் பக்கத்துக்குப் பொருத்தியது. சொன்னேனா இல்லையா?

மணலியிலிருந்து: எந்தப் பேப்பர்...

முதல் பதில். முதல் பதில். முதல் பதில்.

திருவொற்றியூரிலிருந்து: மழைக்காலத்தில் படகெல்லாம் நெளிந்துவிடுகிறது. வார்னிஷ் அடிக்கலாமா?

அடிக்கலாம், மழைக்காலத்தில் அடிக்காதீர்கள். ஐப்பசி கார்த்திகைக் காற்றில் ஈரம் அதிகம், ஸ்ப்ரே வார்னிஷ் காய்வதற்குள் வெளுத்துப் பனிமூட்டம் பிடித்துவிடும். காய்ந்த வெயில் நாளில் மெல்லிய பூச்சாக இரண்டு முறை, உள்பக்கமும் சேர்த்து அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் மறுபக்கம் ஈரம் குடித்து வளையும். இங்க்ஜெட் அச்சென்றால் முதல் பூச்சைத் தூரத்திலிருந்து லேசாகத் தெளியுங்கள், இல்லையென்றால் மை ஓடும். அடித்து முடித்த படகுகளை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைத்தால் போதும்.