கலிஃபோர்னியா டைவர்ஸ் சென்னையில் செல்லுமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதானே: கல்யாணம் நங்கநல்லூரில் நடந்தது, எச்-4 விசாவில் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது) வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் கணவர் இங்கே கலிஃபோர்னியாவில் டைவர்ஸ் கேட்டு மனு போட்டு சம்மன் கைக்கு வந்துவிட்டது. ஊரில் அப்பா, "அந்த ஊர் கோர்ட் நம்மை ஒன்றும் செய்யாது, பேப்பரை ஓரமா வச்சுட்டுக் கிளம்பி வா" என்கிறார். அப்படியே ஊருக்குப் போய்விடலாமா?

அப்பா சொல்வது பாதி சரி. அந்தப் பாதியை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

1991-ல் நரசிம்ம ராவ் - வெங்கடலட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பேசியது. திருப்பதியில் நடந்த கல்யாணம், கணவர் அமெரிக்காவில் மிசௌரி கோர்ட்டில் வாங்கிய டைவர்ஸ். இந்தியாவில் செல்லாது என்றார்கள். நம் கல்யாணம் 1955-ம் வருட இந்து திருமணச் சட்டப்படி நடந்தது, பிரிவதற்கான காரணமும் அதில் உள்ளதாக இருக்க வேண்டும். இங்கே மனுவில் வழக்கமாக டிக் போடுகிற "இனி ஒத்துப்போகாது" என்பது அந்தச் சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. ஆனால் அதே தீர்ப்பு விதிவிலக்கும் சொல்கிறது. மனைவி மனதாரச் சம்மதித்தால் அந்த டைவர்ஸ் செல்லும். அவரே விரும்பி ஆஜராகி, நம் சட்டத்தில் இருக்கும் காரணத்தின் மேல் வழக்காடியிருந்தாலும் செல்லும். அதனால் நீங்கள் என்ன பதில் போடுகிறீர்கள், எதில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்பதில்தான் சென்னையில் உங்கள் நிலை இருக்கிறது.

சும்மா இருந்தால் என்ன ஆகும்? சம்மன் கிடைத்து 30 நாளில் பதில் போடாவிட்டால், நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வாங்க அவருக்கு வழி திறந்துவிடும். தீர்ப்பு வந்தால் எச்-4 அந்தஸ்தும் போய்விடும். அங்கே சென்னையிலோ நீங்கள் இன்னும் அவர் மனைவிதான். என் சித்தி மகள் இப்படித்தான் மாட்டினாள். மறுமணம் பேசும்போது பெரம்பூரில் ஒரு வக்கீலிடம் இந்த ஊர் டைவர்ஸ் தீர்ப்பைக் காட்டினார்கள். முதல் பக்கத்தில் 'டிஃபால்ட்' (எதிர்த்தரப்பு பதில் போடவில்லை) என்ற கட்டத்தில் இருந்த டிக்கை அவர் விரலால் தொட்டு, "இதை வச்சு அடுத்த கல்யாணம் பண்ணா சிக்கல்மா" என்றார். அப்புறம் சென்னைக் குடும்ப நல நீதிமன்றத்தில் முதலிலிருந்து வழக்கு. அந்தப் பெண்ணின் நல்ல வருடங்கள் அதில் போயின, இன்றைக்கும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

உங்களுக்கும் பிரிவதில் சம்மதம் என்றால், சென்னையில் அதே இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி பரஸ்பர சம்மத மனு போடுவதுதான் என் யோசனை. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும்; ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் கணக்கில் சேரும். மனுவுக்கு அப்புறம் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள், உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்புக்குப் பிறகு நீதிபதி நினைத்தால் அந்தக் காத்திருப்பை விலக்கலாம். நேரில் போக முடியாவிட்டால் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பவர் எழுதிக் கொடுங்கள். அந்தப் பவர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பிரிய விருப்பமில்லை என்றாலும், ஜீவனாம்சம், நகை விஷயம் பாக்கி என்றாலும், இங்கே வக்கீல் வைத்தே ஆக வேண்டும். கையில் காசில்லை என்று தயங்காதீர்கள், வக்கீல் செலவைக் கணவர் கொடுக்க வேண்டும் என்று இந்தக் கோர்ட்டிலேயே கேட்கலாம். சம்மனின் இரண்டாம் பக்கத்தையும் படியுங்கள்: வழக்கு முடியும்வரை உங்களை இன்சூரன்சிலிருந்து எடுக்கவோ, சொத்தைக் கைமாற்றவோ அவருக்கு அனுமதி கிடையாது. பதில் போடுவதற்கு முன்னாடியே சென்னை வக்கீல் ஒருவரையும் இந்த ஊர் வக்கீலையும் ஒரே போன் காலில் பேச வையுங்கள், ஏனென்றால் ஒருவர் சொல்லும் பதில் இன்னொரு ஊரில் உங்களுக்கே எதிராகத் திரும்பலாம். சென்னையில் வக்கீல் வைக்க முடியாவிட்டால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் தருவார்கள், அப்பாவை விசாரிக்கச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட், கல்யாணப் பதிவுச் சான்றிதழ் இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும். அடி, மிரட்டல் ஏதாவது இருந்தால் அதை முதலில் எழுதுங்கள், அப்போது வழியே வேறு. இல்லையென்றால் சம்மன் எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று மட்டும் இன்றைக்கே சொல்லுங்கள், 30 நாளில் எத்தனை மிச்சம் என்று பார்த்துவிடலாம்.