உறைந்த அருவியில் ஏறப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நண்பர்கள் நால்வர் பெப்ரவரியில் மூன்று நாட்கள் ரியூக்கான் போய் ஐஸ் ஏற நினைக்கிறோம். உள்ளரங்குச் சுவரில் இரண்டு வருடமாக ஏறுகிறோம். ஐஸில் ஏறியதில்லை. எப்படித் திட்டமிடுவது?
– வாசகர், ஒஸ்லோ

பதில்: நல்ல இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள். நோர்வேயின் ரியூக்கான் ஒடுங்கிய, ஆழமான பள்ளத்தாக்கு. 1,883 மீட்டர் உயரமான கௌஸ்தாதொப்பன் மலை பக்கத்திலேயே நிற்கிறது. குளிர்காலம் முழுக்க ஊருக்குள் வெயில் இறங்காது. அதனால்தான் 2013 இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுவிச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பினார்கள். ஊரார் அலுத்துக்கொள்ளும் அந்த நிழல்தான் ஐஸை மார்ச் வரை காக்கிறது. மானா ஆற்றின் நீர் மின்நிலையங்களுக்குத் திருப்பப்படுவதால் பள்ளத்தின் அடியில் நடமாட முடிகிறது. சுவர்களில் கசியும் ஊற்றுகளும் சிற்றோடைகளும்தான் உறைந்து அருவிகளாக நிற்கின்றன.

ஒஸ்லோவிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். கொங்ஸ்பர்க், நோத்தொடன் வழியாக மூன்று மணி நேரம். பனி கொட்டினால் நான்கு என்று வையுங்கள். முதல் நாள் வழிகாட்டி ஒருவரைக் கட்டாயம் அமர்த்துங்கள். குட்டையான அருவிகள் உள்ள குரோக்கான் பகுதியில், மேலிருந்து கயிறு கட்டி (டாப் ரோப்) ஏறுங்கள். இரண்டாம் நாளும் அங்கேயே. ஒரு கோடரியோடு மட்டும் ஏறிப் பாருங்கள்; கால் தானாகச் சரியாகும். தரையில் நின்றபடி ஆளுக்கு இருபது தடவை ஸ்க்ரூ (ஐஸில் திருகிச் செருகும் உலோகக் குழாய்) போட்டுக் கழற்றுங்கள். மூன்றாம் நாளைக் காலநிலைக்காக விட்டுவையுங்கள். பெப்ரவரி நடுவில் பகல் சுமார் ஒன்பது மணி நேரம். பிற்பகல் மூன்றுக்குப் பிறகு புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

இந்தப் பயணத்தில் யாரும் முன்னேறியாக, அதாவது கீழிருந்து கயிறு இழுத்துக்கொண்டு, ஏறவே கூடாது. உள்ளரங்கில் விழுவது பயிற்சியின் ஒரு பகுதி. ஐஸில் விழும்போது கிராம்பனின் (சப்பாத்தின் அடியில் மாட்டும் முள் சட்டத்தின்) முள் எங்காவது மாட்டும். உடம்பு கீழே போகும், கால் அங்கேயே நிற்கும். கணுக்கால் முறிவது இப்படித்தான். உங்கள் கைப்பலம் இதில் உதவாது.

கேள்வி: ஐஸ் ஏறத் தகுந்ததா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, பேர்கன்

பதில்: அன்றைய வெப்பநிலையை மட்டும் பார்ப்பதுதான் பலர் செய்யும் பிழை. முந்தைய பத்து நாட்களைப் பாருங்கள். பல நாட்களாக மைனஸ் 3 முதல் மைனஸ் 8 வரை நின்றிருந்தால் ஐஸ் இளகாமலும் நொறுங்காமலும் இருக்கும். கோடரி ஒரே வீச்சில் பதியும். மைனஸ் 15 க்குக் கீழே போனால் கண்ணாடி மாதிரி ஆகி, அடித்த இடத்தில் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து முகத்துக்கு வரும். அந்த நாளில் புடைத்த மேட்டில் அடிக்காமல் குழிவான இடத்தில் அடியுங்கள்.

இதைவிட ஆபத்து, ஒரே இரவில் குளிர் சட்டென்று இறங்குவது. ஐஸ் சுருங்கும், மேலும் கீழும் பிடிபட்டு நிற்கும் தூணுக்குள் இழுவிசை ஏறும். அப்போது ஒரு கோடரி அடியே குறுக்கு வெடிப்பைத் திறந்துவிடலாம். தனியாக நிற்கும் தூணையும் தொங்கும் திரையையும் இரண்டு நாட்களாவது விட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கம், மழையோ பூச்சியத்துக்கு மேல் வெப்பமோ வந்தால் பாறைக்கும் ஐஸுக்கும் நடுவே நீர் ஓடிப் பிடிப்பு விடும். நீல நிறமும் அடித்தால் கெட்டியான “டொக்” ஒலியும் நல்ல அடையாளம். வெள்ளையாக இருந்தால் உள்ளே காற்று அதிகம். மத்தளம் போல் ஒலித்தால் பின்னால் வெற்றிடம், இறங்கிவிடுங்கள்.

தலைக்கு மேலும் பாருங்கள். பல அருவிகள் பனி தேங்கும் சரிவுகளின் வடிகாலாகவே இருக்கின்றன. நோர்வேயின் பனிச்சரிவு எச்சரிக்கைச் சேவையான வார்சொம் 1 முதல் 5 வரை அபாய நிலை சொல்கிறது. 3 அல்லது அதற்கு மேல் என்றால், மேலே பனி தேங்கும் சரிவு உள்ள எந்த அருவிக்கும் போக வேண்டாம். உங்களுக்கு மேலே வேறு குழு ஏறிக்கொண்டிருந்தால் அதன் கீழேயும் நிற்க வேண்டாம். தலையளவு கட்டிகள் விழும். கயிறு பிடிப்பவர் எப்போதும் பக்கவாட்டில், பாறை மறைவில் நிற்க வேண்டும்.

கேள்வி: எந்தச் சாமான்களை வாங்குவது, எவற்றை வாடகைக்கு எடுப்பது?
– வாசகர், லண்டன்

பதில்: சப்பாத்தும் கையுறையும் சொந்தமாக இருக்கட்டும்; மற்றதெல்லாம் முதல் வருடம் வாடகைக்குப் போதும். சப்பாத்தின் அடி விறைப்பாக, முன்னும் பின்னும் கிராம்பன் கவ்வும் விளிம்போடு இருக்க வேண்டும். வளையும் அடியில் கிராம்பன் கழன்றுவிடும். கயிறு 60 மீட்டர், நீர் ஏறாத பூச்சு உள்ளது. பூச்சில்லாத கயிறு நனைந்து உறைந்து கம்பியாகும். கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிலே கருவிக்குள் போகாது.

டாப் ரோப்புக்கு ஒரு கயிற்றுக்கு ஆறு ஸ்க்ரூ போதும். பெரும்பாலும் 16 செ.மீ., ஒன்றிரண்டு 13, ஒன்று 21. நல்ல ஐஸில் சுவருக்குச் செங்குத்தாகவோ, காது (ஸ்க்ரூவின் வெளிமுனையில் கயிறு மாட்டும் தகடு) சற்றுத் தாழ்ந்தோ போடுங்கள். திருகுப் பல்லுக்குப் பிடிப்பு அப்போதுதான். நங்கூரத்தில், அதாவது மேலே கயிற்றைக் கட்டும் இடத்தில், ஸ்க்ரூக்களை ஒரே மட்டத்தில் நெருக்கிப் போடாமல், மேலும் கீழுமாக அரை மீட்டர் தள்ளிப் போடுங்கள். வெயில் பட்டால் உலோகம் சூடேறிச் சுற்றியுள்ள ஐஸை இளக்கும். பனியால் மூடிவிட்டு, மணிக்கொரு தடவை போய்ப் பாருங்கள். பலமான, உயிருள்ள மரம் இருந்தால் அதுவே மேல்.

கேள்வி: ஏறி முடித்ததும் விரல் நுனி தாங்க முடியாமல் வலிக்கிறது. பனிக்கடியா?
– வாசகர், ட்ரொண்ட்ஹெய்ம்

பதில்: பெரும்பாலும் இல்லை. கையைத் தலைக்கு மேலே வைத்துக் கோடரியை இறுக்கிப் பிடித்ததில் வற்றிய இரத்தம் திரும்பும் வலி அது. சில நிமிடத்தில் அடங்கும். வலியே இல்லாமல் வெளுத்து, மரத்துப்போய், மெழுகு போல் இருந்தால்தான் பயப்பட வேண்டும். அப்போது தேய்க்காமல், உடல் சூட்டில் வைத்தபடி நோர்வேயின் மருத்துவ அவசர எண்ணான 113 ஐ அழையுங்கள். வலி வராதிருக்க, ஏறும்போது மெல்லிய கையுறை, நிற்கும்போது தடித்தது, நனைந்தால் மாற்ற மூன்றாவது. ஒவ்வொரு ஓய்விலும் கையைத் தொங்கவிட்டு உதறுங்கள். கோடரியைத் தளர்வாகப் பிடிப்பதுதான் பாதி மருந்து.

கேள்வி: மழுங்கிய கோடரி மூக்கை மின் கிரைண்டரில் தீட்டலாமா?
– வாசகர், ஒஸ்லோ

பதில்: கூடாது. சூட்டில் எஃகின் பதம் போய் மூக்கு வளையும். கை அரத்தால், ஒரே திசையில், பழைய வடிவம் மாறாமல் தீட்டுங்கள். வீடு திரும்பிய அன்றே ஸ்க்ரூக்களின் உள்துளையையும் துடைத்துக் காயவையுங்கள். உள்ளே ஈரம் நின்றால் அடுத்த முறை ஐஸ் அடைத்துக்கொண்டு திருகவே முடியாது.